கென்யாவில் மக்களோடு சேர்ந்து நலவாழ்வு ஆய்வு செய்யப் போகிறீர்களா? அனுமதி, ஆவணம், செலவு, காலம்

கென்யாவின் கடற்கரைப் பகுதியான கிலிஃபி கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), பிரசவத்துக்கு மருத்துவ நிலையம் வரை வந்து சேர முடிந்த பெண்களுக்கும் வர முடியாமலே போன பெண்களுக்கும் இடையே என்ன வேறுபாடு என்பதை அந்த ஊர்ப் பெண்களோடு சேர்ந்தே கண்டறிவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் நோக்கம். களத்தில் நான் இருந்தது ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்கான அனுமதிகளைப் பெறப் பதினோரு மாதம் ஆயிற்று. அவற்றில் ஐந்து மாதமாவது எனக்கு முறை தெரியாததால் வீணாயின. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பொது சுகாதாரம் படிப்பவர்கள் ஆப்பிரிக்க நாடுகளில் களப்பணிக்குச் செல்வது கூடி வருவதால், அந்த ஐந்து மாதம் உங்களுக்காவது மிஞ்சட்டும் என்று இதை எழுதுகிறேன். இதிலுள்ள விதிமுறைகள் கென்யாவுக்கு உரியவை. உகாண்டா, மலாவி, தான்சானியா போன்ற நாடுகளில் அலுவலகங்களும் படிவங்களும் வேறு.

பங்கேற்பு ஆய்வு என்றால் மக்களிடம் கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டு திரும்புவது என்று எண்ணிவிடாதீர்கள். எதை ஆராய்வது, எப்படி ஆராய்வது, கிடைத்ததற்கு என்ன பொருள், அதை வைத்து அடுத்து என்ன செய்வது என்ற நான்கையும் ஊர்க்காரர்கள் உங்களோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அனுமதி தரும் அலுவலகங்களும் நிதி தரும் அமைப்புகளும் கேள்வி, கேள்வித்தாள், எத்தனை பேர், எத்தனை நாள் என்பதெல்லாம் முடிவான பிறகே விண்ணப்பத்தைக் கையில் வாங்கும். மக்களோ அனுமதி கிடைத்த பிறகுதான் உள்ளே வர முடியும். ஆகவே நீங்கள் கவனமாக இல்லாவிட்டால், ஊர் உள்ளே வரும்போது முடிவு செய்ய எதுவுமே மிச்சமிருக்காது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. உள்ளூர் நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம்

வெளிநாட்டவர் தனியாக விண்ணப்பிக்க முடியாது. கென்யாவில் பதிவு பெற்ற ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ உங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாகக் கடிதம் தர வேண்டும். உங்கள் ஆய்வுக் குழுவில் கென்ய ஆய்வாளர் ஒருவர் முழுப் பொறுப்போடு இடம்பெற வேண்டும். கிலிஃபியில் கெம்ரி-வெல்கம் ஆய்வுத் திட்டம் 1989 முதல் இயங்குகிறது. நைரோபியில் ஆப்பிரிக்க மக்கள்தொகை மற்றும் நலவாழ்வு ஆய்வு மையம் இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் வேலை எளிதாகும் என்று எல்லாரும் அங்கேயே செல்கிறார்கள். அங்கே காத்திருப்பு நீளம். கவுன்ட்டியிலேயே உள்ள பல்கலைக்கழகத் துறைகளையும் கேட்டுப் பாருங்கள். நைரோபியின் குடிசைப் பகுதிகளில் வேலை செய்வதானால், அங்கு வாழ்பவர்களே நடத்தும் முவுங்கானோ வா வானாவிஜிஜி போன்ற கூட்டமைப்பை ஆய்வுக் கூட்டாளியாகவே சேர்க்கலாம்.

ஒப்பந்தத்தில் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தரவு யாருடைய கணினியில் இருக்கும், கட்டுரைகளில் யார் பெயர் எந்த அடிப்படையில் வரும், பணம் யார் கணக்கில் வரும், ஆய்வு முடிந்ததும் கைப்பேசிகளும் ஒலிப்பதிவுக் கருவிகளும் யாரிடம் தங்கும். இதை வாய்ச்சொல்லில் விட்டவர்கள் பின்னால் மனம் கசந்து பிரிந்ததை இருமுறை பார்த்திருக்கிறேன்.

பொறி: உங்கள் ஆய்வின் தலைப்பு எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். என் பல்கலைக்கழகக் கடிதத்தில் 'தாய்மார் நலவாழ்வு' என்றும் இணைப்புக் கடிதத்தில் 'தாய்-சேய் நலவாழ்வு' என்றும் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக என் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. புதிய கடிதம் கையொப்பமாகி வர ஆறு வாரம். தலைப்பை ஒரு கோப்பில் எழுதி வைத்து, கடிதம் எழுதும் ஒவ்வொருவருக்கும் அதையே ஒட்டி அனுப்புங்கள்.

காலம்: முதல் மின்னஞ்சலிலிருந்து கையொப்பம் வரை இரண்டு முதல் மூன்று மாதம்.

2. ஊருக்கு முன்பயணம், ஆனால் தரவு எடுக்காமல்

கேள்வியை முடிவு செய்யும் முன்பே ஒருமுறை ஊருக்குச் செல்லுங்கள். உங்கள் உள்ளூர்க் கூட்டாளி அழைத்துச் செல்லட்டும். கவுன்ட்டி நலவாழ்வுத் துறைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். இந்தப் பயணத்தில் உங்களை அறிமுகம் செய்யலாம், எது தங்களை வாட்டுகிறது என்று மக்கள் சொல்வதைக் கேட்கலாம், யார் யார் பேசாமல் ஓரமாக நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆய்வுத் தரவாகப் பயன்படுத்தும் எண்ணத்தோடு எதையும் பதிவு செய்யக் கூடாது.

இந்த எல்லையை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. முதல் கூட்டத்தில், முந்திரி மர நிழலில், பதினாறு பெண்கள் செம்மண் தரையில் தங்கள் ஊரை வரைந்தார்கள். குச்சியால் பாதை கீறினார்கள். சோடா மூடிகள் தண்ணீர்க் குழாய்கள். கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கோப்பை மருந்தகம், அதாவது ஊரின் சிறு மருத்துவ நிலையம். வயதான ஒரு பெண் எழுந்து போய் இரண்டு கை நிறைய மணல் அள்ளி வந்து பாதையின் குறுக்கே கொட்டினார். மழைக்காலத்தில் ஓடை பெருகிப் பாதை அடைபடும் இடம் அது. எங்கள் யாருடைய வரைபடத்திலும் அந்த ஓடை இல்லை. நான் படம் எடுத்தேன், குறிப்பெழுதினேன். பங்கேற்பவர்களுக்குத் தீங்கு நேராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் அப்போது வரவில்லை. ஆகவே அந்தப் படத்தையும் குறிப்பையும் ஆய்வில் சேர்க்கவே முடியவில்லை. ஒப்புதல் வந்த பிறகு மீண்டும் வரையச் சொன்னபோது, அந்த மூதாட்டி மகள் வீட்டுக்கு மலிண்டிக்குப் போய்விட்டிருந்தார்.

முன்பயணத்தில் கேட்டதை ஆய்வின் முடிவாகக் காட்டாமல், கேள்வியைத் தேர்ந்ததற்கான காரணமாக மட்டும் திட்ட அறிக்கையில் பொதுவாகச் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அதே பயணத்தில், உங்களோடு வேலை செய்ய ஊர் என்னென்ன நிபந்தனை வைக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் சான் மக்கள் 2017இல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்கென ஒரு நெறிமுறையையே வெளியிட்டார்கள். மதிப்பு, நேர்மை, நீதியும் நியாயமும், அக்கறை, உரிய முறை என்ற ஐந்தின் கீழ் தங்கள் எதிர்பார்ப்புகளைச் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டுச் சென்றால் எதைக் கேட்பது என்று தெரியும். எங்கள் ஊர் வைத்த நிபந்தனைகள் மூன்று: வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கூட்டம் கூடாது, இறந்த குழந்தைகளைப் பற்றிப் பொது இடத்தில் கேட்கக் கூடாது, முடிவை முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

3. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்

மனிதர்கள் பங்கேற்கும் நலவாழ்வு ஆய்வுக்கு, நாக்கோஸ்டி எனப்படும் தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற கென்ய நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதல் கட்டாயம். உங்கள் சொந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த ஒப்புதல் மட்டும் போதாது. இரண்டும் வேண்டும். எது முதலில் என்று இரு குழுக்களின் செயலரையும் தொடக்கத்திலேயே கேளுங்கள். ஒன்றின் கடிதத்துக்காக மற்றொன்று காத்திருந்து, இரண்டும் நகராமல் கிடப்பது அடிக்கடி நடப்பது.

பொதுவாகக் கேட்கப்படும் ஆவணங்கள்:
- முழு ஆய்வுத் திட்ட அறிக்கை, பதிப்பு எண்ணும் தேதியும் ஒவ்வொரு பக்கத்திலும்
- எல்லா ஆய்வாளர்களின் தன்விவரம், கையொப்பத்தோடு
- ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ் (ட்ரீ என்ற இணையப் பயிற்சி இலவசம், சான்றிதழும் தருகிறது)
- பங்கேற்பவர் தம் சம்மதத்தைத் தெரிவிக்கும் ஒப்புதல் படிவமும் தகவல் தாளும், ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் தேவையான உள்ளூர் மொழியிலும்
- கலந்துரையாடல் வழிகாட்டிகள், கருவிகள்
- பட்ஜெட், கால அட்டவணை
- இணைப்புக் கடிதம்

கட்டணம் உண்டு. மாணவருக்கு ஒரு தொகை, நிதி பெற்ற திட்டத்துக்கு ஒரு தொகை, வெளிநாட்டவருக்கு வேறு தொகை என்று குழுவுக்குக் குழு மாறும். திருத்தம் கேட்டாலும் ஆண்டுப் புதுப்பிப்புக் கேட்டாலும் தனிக் கட்டணம் வாங்கும் குழுக்கள் உள்ளன. ஆகவே ஒரு முதல் விண்ணப்பம், இரண்டு திருத்தம், ஒரு புதுப்பிப்பு என்று நான்கு தொகைக்கு இடம் ஒதுக்குங்கள்.

இப்போது முக்கியமான இடம். கலந்துரையாடல் வழிகாட்டி எங்கே என்று குழு கேட்கும். அதை ஊர்ப் பெண்களோடு சேர்ந்துதான் உருவாக்கப் போகிறேன் என்று நான் எழுதினேன். முழுமையற்ற விண்ணப்பம் என்று திரும்பி வந்தது. கோபப்பட்டேன். பிறகு யோசித்தபோது குழுவின் பக்கத்திலும் நியாயம் தெரிந்தது. எதைக் கேட்பார்கள் என்று தெரியாமல் ஒரு தாயின் பாதுகாப்புக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? எனக்குப் பலித்த வழி, ஆய்வை இரண்டு கட்டமாக எழுதியதுதான். முதல் கட்டத்துக்கு முழுக் கருவிகளையும் இணைத்தேன்: ஊர் வரைபடம் வரைதல், பிரச்சினைகளை மக்காச்சோள மணிகளால் வரிசைப்படுத்துதல், ஒவ்வொரு மணிக்கும் 'ஏன் இங்கே வைத்தீர்கள்' என்று கேட்டல். இரண்டாம் கட்டத்துக்கு மாதிரிக் கேள்விகளைத் தந்துவிட்டு, எந்த வரம்புக்குள் அவை மாறலாம், எந்தத் தலைப்புகளைத் தொடவே மாட்டோம், மாறிய வடிவத்தைத் திருத்தமாக எப்போது சமர்ப்பிப்போம் என்று ஒரு பக்கம் எழுதினேன். அதே குழு அடுத்த கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டது. திருத்தம் வந்துசேர எடுக்கும் நான்கு முதல் ஆறு வாரத்தைக் கால அட்டவணையில் இரு கட்டத்துக்கும் நடுவே வெறுமையாக விட்டுவையுங்கள். அந்த நாட்களில், ஊரிலிருந்தே சேர்க்கும் சக ஆய்வாளர்களுக்குப் பயிற்சி நடத்தலாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். சுவாஹிலியில் ஆய்வுக்கு 'உதாஃபிதி' என்ற சொல் இருக்கிறது. எங்கள் முதல் மொழிபெயர்ப்பாளர் 'உச்சுங்குசி' என்று போட்டிருந்தார். அது மருத்துவப் பரிசோதனையையும் குறிக்கும், போலீஸ் விசாரணையையும் குறிக்கும். தகவல் தாளைப் படித்துக் காட்டியதும் ஒரு பெண் தன் கணவர் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று மெல்லக் கேட்டார். படிவத்தை ஒருவர் மொழிபெயர்க்கட்டும், ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரட்டும், பிறகு அந்த ஊரிலேயே மூன்று பேரிடம் படித்துக் காட்டி என்ன புரிந்தது என்று கேளுங்கள். கிரியாமா மொழி பேசும் ஊரில் சுவாஹிலி மட்டும் போதும் என்று இளைஞர்கள் சொல்வார்கள். பாட்டிகளைக் கேட்காமல் அதை நம்பிவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவரும் கையொப்பமிட வேண்டும்.

ஒப்புதல் பொதுவாக ஓராண்டுக்கே செல்லும்.

4. நாக்கோஸ்டி ஆய்வு உரிமம்

நெறிமுறை ஒப்புதல் கையில் வந்த பிறகே இதற்கு விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பம் முழுக்க இணையத்தில். கடவுச்சீட்டு நகல், புகைப்படம், உங்கள் நிறுவனத்தின் அறிமுகக் கடிதம், கென்ய இணைப்புக் கடிதம், திட்ட அறிக்கை, நெறிமுறை ஒப்புதல் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். கட்டணம் கென்யர், கிழக்கு ஆப்பிரிக்கர், மற்ற ஆப்பிரிக்கர், வெளியார் என்றும், படிப்பின் நிலையைப் பொறுத்தும் மாறுகிறது. பழைய பதிவுகளில் பார்த்த தொகையை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டுவதையே கணக்கில் எடுங்கள்.

எனக்கு உரிமம் மூன்று வாரத்தில் வந்தது. வந்ததும் அதன் பின்பக்கத்து நிபந்தனைகளைப் படியுங்கள். உரிமம் நீங்கள் குறிப்பிட்ட ஆய்வுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் மட்டுமே செல்லும். பக்கத்துக் கவுன்ட்டியில் இரண்டு ஊரைச் சேர்க்கத் தோன்றக்கூடும் என்றால் அந்தக் கவுன்ட்டியின் பெயரையும் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மாதிரிகளைச் சேகரிப்பது, படம்பிடிப்பது ஆகியவற்றுக்கு மேலும் அனுமதி தேவை. ஆய்வு முடிந்தபின் இறுதி அறிக்கையை ஆணையத்திடம் சேர்ப்பதும் நிபந்தனைதான். இதை மறந்தவர்கள் அடுத்த உரிமத்துக்கு வரும்போது திண்டாடுகிறார்கள்.

5. கவுன்ட்டி, துணைக் கவுன்ட்டி, சீஃப்

2010 அரசியலமைப்பின்படி கென்யாவில் 47 கவுன்ட்டிகள் உள்ளன. மருத்துவ சேவை பெரும்பாலும் அவற்றின் பொறுப்பு. ஆனால் சீஃப், துணைச் சீஃப் ஆகியோர் தேசிய அரசின் நிர்வாக அலுவலர்கள். ஆகவே நீங்கள் இரண்டு வரிசையிலும் நிற்க வேண்டும். ஒரு வரிசை கவுன்ட்டி நலவாழ்வு இயக்குநரில் தொடங்கி, துணைக் கவுன்ட்டி மருத்துவ அலுவலர் வழியாக மருந்தகப் பொறுப்பாளர் வரை. இன்னொரு வரிசை கவுன்ட்டி ஆணையரில் தொடங்கிச் சீஃப், துணைச் சீஃப், கிராமப் பெரியவர் வரை. சீஃப் என்ற சொல்லைக் கேட்டுப் பழங்குடித் தலைவர் என்று எண்ணிக்கொண்டு போனவன் நான். அவர் சீருடை அணிந்த அரசு ஊழியர்.

நாக்கோஸ்டி உரிமம், நெறிமுறைக் கடிதம், ஒரு பக்கச் சுருக்கம் மூன்றையும் சேர்த்துப் பதினைந்து தொகுப்பாவது அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத நகலைக் கீழ் அலுவலகம் ஏற்காது. திங்கட்கிழமை காலை கூட்டங்களில் போய்விடும். செவ்வாய் முதல் வியாழன் வரை காலை ஒன்பது மணிக்கு முன் வாசலில் இருங்கள்.

சீஃப் கூட்டும் பொதுக்கூட்டத்துக்குப் பராசா என்று பெயர். அங்கே அறிமுகமாவது நல்லது. ஆனால் பங்கேற்பாளர்களை அங்கே தேர்ந்தெடுக்காதீர்கள். சீஃப் அருகில் நிற்கும்போது யாரும் மறுக்க மாட்டார்கள். அந்தச் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது.

6. விசா, தடுப்பூசி

2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்தது. அதன் அறிமுகக் கட்டணம் 30 டாலர். முன்பயணத்துக்கு அது போதும். களப்பணிக்கு, உங்களை ஏற்கும் நிறுவனத்தின் வழியாகக் குடியேற்றத் துறையிடம் உரிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணியாக உள்ளே வந்து ஆய்வு நடத்துவது உங்களோடு உங்கள் கென்யக் கூட்டாளியையும் சிக்கலில் மாட்டிவிடும்.

கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். கிலிஃபியில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

7. ஊரிலிருந்தே ஆய்வாளர்கள்

திறன் வளர்ப்பு என்ற சொல்லை எல்லாத் திட்ட அறிக்கையிலும் காணலாம். பட்ஜெட்டைத் திறந்தால் இரண்டு நாள் பயிலரங்கும் ஒரு மதிய உணவும் இருக்கும். அப்படிச் செய்வதானால் அந்தச் சொல்லையே நீக்கிவிடுங்கள் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன்.

நாங்கள் எட்டுப் பெண்களைச் சக ஆய்வாளர்களாகச் சேர்த்தோம். பயிற்சி பன்னிரண்டு நாள், ஆறு வாரத்தில் பரப்பி, வாரம் இரண்டு நாள், காலை பத்து முதல் இரண்டு மணி வரை. தொடர்ந்து ஐந்து நாள் முழுநேரம் வைத்தால் கைக்குழந்தைக்காரிகளும் ஏழைகளும் வர முடியாது. வசதியுள்ளவர்கள் மட்டுமே தேறுவார்கள். பிறகு சமத்துவத்தைப் பற்றி யாரோடு சேர்ந்து ஆராய்வது? குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு நாள்கூலி கொடுங்கள். எங்கள் செலவிலேயே மிகப் பயனுள்ள செலவு அதுதான்.

எதைக் கற்பிப்பது? சம்மதம் கேட்பது, மறுத்தால் நிறுத்துவது, கேட்டதை வெளியே சொல்லாதது, ஒலிப்பதிவுக் கருவியைக் கையாள்வது, குறிப்பெடுப்பது. இவற்றோடு நிறுத்திவிட்டால் அவர்கள் உங்கள் கூலிக் களப்பணியாளர்களாகத்தான் இருப்பார்கள். பகுப்பாய்விலும் உட்கார வையுங்கள். பேட்டிகளில் வந்த வாக்கியங்களைச் சுவாஹிலியில் சீட்டுகளாக எழுதி, பாய்மேல் பரப்பி, எது எதோடு சேரும் என்று அவர்களே அடுக்கட்டும். நான் 'தூரம்' என்ற தலைப்பில் போட்டிருந்த சீட்டுகளில் பாதியை அவர்கள் எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். மருந்தகம் தூரமில்லை, இரவில் போடா போடா (வாடகை மோட்டார் சைக்கிள்) ஓட்டுநரிடம் கடன் சொல்ல முடிகிறவளுக்கு அது பக்கம்தான் என்றார் ஒருவர். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது.

சமூக நல ஊக்குநர்களையே சக ஆய்வாளர்களாகச் சேர்க்கும் பழக்கம் பரவலாக உள்ளது. 2023இல் அரசு நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்தப் பணியில் அமர்த்திப் பைகளும் கருவிகளும் கொடுத்தது. ஒருவருக்குச் சுமார் நூறு வீடு. ஊரை அவர்களைப் போல அறிந்தவர் இல்லை. ஆனால் அவர்கள் சேவை தரும் தரப்பையும் சேர்ந்தவர்கள். மருந்தகத்தில் ஏன் திட்டினார்கள் என்பதை அவர்கள் முன் ஒரு தாய் சொல்ல மாட்டாள். எட்டுப் பேரில் இருவருக்கு மேல் அப்படி வேண்டாம்.

எத்தனை குழு நடத்துவது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். மலாவி, நேபாளம், வங்கதேசம், இந்தியா ஆகிய நாடுகளில் பெண்கள் குழுக்களைக் கொண்டு நடந்த 7 சோதனை ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தபோது தாய்மார் இறப்பு 37 சதவீதம் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டே உலக நலவாழ்வு நிறுவனமும் இந்த முறையைப் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளில் 30 சதவீதத்துக்கு மேல் குழுவுக்கு வந்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. ஆகவே பத்து ஊரில் ஒவ்வொரு குழு வைப்பதைவிட, இரண்டு ஊரில் நெருக்கமாக வைப்பதே மேல்.

கட்டுரையில் பெயர் பற்றி: மருத்துவ இதழ்கள் பின்பற்றும் நான்கு நிபந்தனைகளில் வரைவைத் திருத்துவதும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருவதும் அடங்கும். ஆங்கிலம் படிக்காத சக ஆய்வாளர் இந்த இடத்தில் வெளியே தள்ளப்படுகிறார். வரைவைச் சுவாஹிலியில் வாசித்துக் காட்ட இரண்டு நாளும், அதற்கான மொழிபெயர்ப்புச் செலவும் ஒதுக்கினால் அவர் பெயர் முறையாகவே வரும்.

8. பணம்

பட்ஜெட்டில் மறந்துபோகும் செலவுகள்: சக ஆய்வாளர் நாள்கூலி, குழந்தைப் பராமரிப்பு, இரண்டு முறை மொழிபெயர்ப்பு, சுவாஹிலியிலும் கிரியாமாவிலும் பேசியதை எழுத்தாக்குவது (ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு ஒரு முழு நாள் ஆகும்), அரசு அலுவலர்கள் கூட்டத்துக்கு வந்தால் அவர்களுக்கு உரிய படி, முடிவைத் திருப்பிச் சொல்லும் கூட்டம், மாற்று விகித ஏற்ற இறக்கம்.

சக ஆய்வாளருக்கு எவ்வளவு தருவது என்பதை அதே பகுதியில் வேலை செய்யும் மற்ற அமைப்புகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மிகக் குறைத்தால் சுரண்டல். மிகக் கூட்டினால் சம்மதமே விலைக்கு வாங்கியதாகிவிடும் என்று நெறிமுறைக் குழு கேட்கும், கவுன்ட்டியின் சொந்தப் பணியாளர்களும் மனம் நோவார்கள். தொகையை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

பணம் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் போகும். இங்கேதான் நான் இன்றும் வருந்தும் தவறு நடந்தது. போக்குவரத்துப் பணத்தை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திட்டத்தின் கணக்கிலிருந்து அனுப்பினோம். பெறுகிறவரின் கைப்பேசியில் அனுப்பியவர் பெயரோடு குறுஞ்செய்தி வரும். பல வீடுகளில் கைப்பேசியும் எண்ணும் கணவருடையவை. ஒரு பெண் கலந்துகொண்டதைத் தன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலை அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பணத்தை எப்படி, யாருடைய எண்ணுக்கு, எந்தப் பெயரிலிருந்து அனுப்பலாம் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். ரொக்கமாகக் கையில் வேண்டும் என்றால் அப்படியே கொடுத்து ரசீது வாங்குங்கள். எச்ஐவி, கருக்கலைப்பு, குடும்ப வன்முறை பற்றிய ஆய்வானால், கணக்கின் பெயரில் திட்டத்தின் பெயரே வரக் கூடாது. இதை நிதிப் பிரிவோடு பேசித் தீர்க்க ஒரு மாதமாவது ஆகும்.

9. தரவும் படங்களும்

கென்யாவின் 2019ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை நுண்மையான தனிநபர் தரவாக வகைப்படுத்துகிறது. அதை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்குத் தனி நிபந்தனைகள் உள்ளன. சென்னையிலோ லண்டனிலோ உள்ள கணினியில் சேமிக்கப் போகிறீர்கள் என்றால், ஒப்புதல் படிவத்திலும் நிறுவன ஒப்பந்தத்திலும் அதைச் சொல்லுங்கள். பெயரையும் எண்ணையும் நீக்கிய பிறகே அனுப்புங்கள். மூலப் பட்டியல் கென்ய நிறுவனத்திலேயே பூட்டில் இருக்கட்டும்.

மக்களே படம் எடுத்துப் பேசும் முறையைப் பயன்படுத்தினால், எடுத்தவரின் சம்மதம், படத்தில் உள்ளவரின் சம்மதம், வெளியிடுவதற்கான சம்மதம் என்று மூன்று வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். படத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்த பிறகு வெளியீட்டுச் சம்மதம் கேட்டபோது, முன்பு சரி என்ற இருவர் மறுத்தார்கள்.

10. எந்த மாதத்தில் போவது

மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை நீண்ட மழை. விதைப்புக் காலம். பாதைகள் அடைபடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குறு மழை. கடற்கரையில் முஸ்லிம்கள் கணிசமாக இருப்பதால் ரமலான் மாதத்தில் பகல் கூட்டம் வைக்காதீர்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் பள்ளி விடுமுறை. பள்ளிக் கட்டடத்தில் கூடலாம் என்பது வசதி, வீட்டில் குழந்தைகள் எல்லாரும் இருப்பது இடைஞ்சல். அடுத்த பொதுத்தேர்தல் 2027 ஆகஸ்ட்டில். அதற்கு முன்பின் மூன்று மாதம் எந்தக் கூட்டமும் அரசியல் கூட்டமாகவே பார்க்கப்படும். மருத்துவப் பணியாளர் வேலைநிறுத்தமும் வரக்கூடும். 2024இல் மருத்துவர்கள் மார்ச் நடுவிலிருந்து மே வரை வேலைக்கு வரவில்லை. மருந்தகத்தில் நடக்க வேண்டிய வேலையையும் ஊரில் நடக்க வேண்டிய வேலையையும் தனித்தனியாகத் திட்டமிட்டால் ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். எங்களுக்குச் சரியாக அமைந்தவை ஜூலை முதல் செப்டம்பர் வரையும் ஜனவரி, பிப்ரவரியும்.

பின்னோக்கிக் கணக்கிட்டால்: ஜூலையில் களம் வேண்டுமானால் உள்ளூர்க் கூட்டாளிக்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் எழுதுங்கள், டிசம்பரில் முன்பயணம், ஜனவரியில் நெறிமுறைக் குழு, ஏப்ரலில் நாக்கோஸ்டி, மே கடைசியில் கவுன்ட்டி அலுவலகங்கள்.

11. முடிவைத் திருப்பிச் சொல்வது

இதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். கடைசியில் மிஞ்சுவதில் செய்யலாம் என்று விட்டால் எதுவும் மிஞ்சாது. முதலில் ஊருக்கு, பிறகு மருந்தகத்துக்கு, பிறகு கவுன்ட்டி நலவாழ்வுத் துறைக்கு, அதன் பிறகே இதழுக்கு. இந்த வரிசையை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நிதி தருபவர் அவசரப்படுத்தும்போது காட்டலாம். கவுன்ட்டியின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டில் உங்கள் ஊரின் கோரிக்கை இடம்பெற வேண்டுமானால், சக ஆய்வாளர்கள் பிப்ரவரிக்குள் அதை அதிகாரிகளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். அவர்களே பேசட்டும். அவர்களின் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் உங்கள் பொறுப்பு.

எங்கள் குழு இரண்டாம் முறை வரைந்த ஊர் வரைபடத்தை மொம்பாசாவில் பெரிய பதாகையாக அச்சிட்டு மருந்தகத்தின் காத்திருப்புத் திண்ணையில் மாட்டினோம். பதாகை அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள், மலிண்டியிலிருந்து திரும்பியிருந்த அந்த மூதாட்டியை அழைத்து வந்து, ஓடை எந்த இடத்தில் பாதையைக் கடக்கிறது என்று பென்சிலால் குறிக்கச் சொன்னோம். நாங்கள் போட்டிருந்த இடத்திலிருந்து இரண்டு விரற்கடை மேலே குறித்தார். அச்சுக்கு முன் ஒருமுறை ஊரிடம் காட்டித் திருத்தம் வாங்க மூன்று நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.